ஆடாத தண்ணீர்

கொதிக்கிற தண்ணீர் சும்மா இருக்காது. பாய்லர்க்காரரின் பிழைப்பு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருந்தது.

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. பின்பக்கத்து அறையில், கூடத்துக்கு ஆவி கொடுக்கும் ஒரு பழைய விறகுப் பாய்லர். உருண்டு பெருத்த அந்த இரும்புக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. அதற்காக அதன் முகத்தில் செங்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார்கள். உள்ளே எந்த மட்டமோ கண்ணாடியிலும் அந்த மட்டம். இறங்கினால் மோட்டாரைப் போட்டு ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால், நெருப்புக்கு மேலே இருக்கும் தகடு தண்ணீரில்லாமல் காய்ந்து, பழுத்து, கிழியும். கிழிந்தால் பாய்லர் மிஞ்சாது, கூடம் மிஞ்சாது, பக்கத்தில் நிற்கிற மனிதர்களும் மிஞ்சமாட்டார்கள்.

அந்தக் கண்ணாடிக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. பாய்லருக்குள் படிகிற உப்பும் சுண்ணாம்பும் அதற்குப் போகும் வழியை அடைத்துவிட்டால், கண்ணாடி கூசாமல் பொய் சொல்லும். உள்ளே வற்றிக்கொண்டிருக்கும், கண்ணாடியில் மட்டும் நிறைந்து நிற்கும். நிஜத் தண்ணீர் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும், பொய்த் தண்ணீர் ஆடாது. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் வேலைக்கு வந்தவுடன் கண்ணாடியின் அடியிலிருக்கும் வால்வைத் திறந்து, உள்ளதைக் கொட்டிவிட்டு மூட வேண்டும். வழி சரியாக இருந்தால் தண்ணீர் துள்ளிக்கொண்டு மறுபடி ஏறும். பாய்லர்க்காரர் இதைக் காலையில் பல் தேய்ப்பது போல வருஷக்கணக்காகச் செய்துவந்தார். மனைவி போன பிறகு நிறுத்திவிட்டார்.

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதருக்கு உடம்பு வணங்காது என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. அவர் நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவருக்கு முதலில் ஒரு மகன். பேசப் பழகிய வயதில் காய்ச்சல் வந்தது. பிறகு விட்டுவிட்டது என்று டாக்டரும் சொன்னார், மனைவியும் சொன்னாள், பிள்ளை எழுந்து உட்கார்ந்து விளையாடவும் செய்தான். இவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று பிள்ளையின் கழுத்தில் புறங்கையை வைத்தார். சுட்டது. அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளை இல்லை.

பிறகு பல வருஷம் கழித்து மனைவிக்கு வயிற்றில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். சுத்தமாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவிக்கும் முகத்தில் களை வந்துவிட்டது. அடுப்படியில் நின்று இவரைக் கிண்டல் செய்யுமளவுக்குத் தேறிவிட்டாள். மறுபடியும் இவருக்கு மனசு கேட்கவில்லை. எதற்கும் இன்னொரு டாக்டரிடம் காட்டிவிடுவோம் என்று கூட்டிப்போனார். அந்த டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், அப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மழைக்காலம் வருவதற்குள் அவளும் போய்விட்டாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு ஒன்று பிடிபட்டது. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று ஆண்டவன் சொல்லியிருக்கிறான். நம்பாமல் கை வைத்துப் பார்த்தது இவர்தான். கை வைத்த இடத்திலெல்லாம் அவன் எடுத்துக்கொண்டான். பார்க்காமல் விட்டிருந்தால் பிள்ளைக்குச் சுட்டிருக்காது, அவளுக்குத் திரும்ப வந்திருக்காது. இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றுகிறவர்கள் ஒரு பிள்ளையையும் ஒரு மனைவியையும் பறிகொடுத்துவிட்டு வந்து சிரிக்கட்டும். துக்கம் ஒரு மனிதனின் புத்தியை எந்தப் பக்கம் திருப்பும் என்று யாருக்கும் தெரியாது.

ஊரார் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தது. மனைவியைக் கொண்டுபோன அன்றைக்கு அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களையெல்லாம் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், 'கொடுத்தவன் எடுத்துக்கிட்டான்' என்றார். பார், மலை மாதிரி இருக்கிறார், நம்பிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். சலவைக்கூடத்தில் எதைக் கேட்டாலும் 'ஆண்டவன் பாத்துக்குவான்' என்று சொல்லிச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'பாத்துக்குவான்' என்றே பெயர் விழுந்தது. கூப்பிட்டுச் சிரிப்பார்களே தவிர, வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் அவரிடம் வந்துதான் நிற்பார்கள். 'எங்களுக்காக நீங்க ஒரு வார்த்தை வேண்டிக்குங்க' என்பார்கள். அவரும் வேண்டிக்கொள்வார்.

மலை என்று சொன்னதை நம்பாத ஒரே ஆள் அவருடைய மகள். அம்மா போன அன்று மாலை, வீட்டில் ஈ காக்கா இல்லாத நேரத்தில், அம்மாவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அவள் வந்தாள்.

"ஏம்பா அம்மாவை எடுத்துக்கிட்டான்? அவ யாருக்கு என்ன கெடுதல் செஞ்சா?"

அவர் பதறிப்போய் மகளின் வாயைப் பொத்தினார். விளையாட்டாகப் பொத்தவில்லை, பல் உதட்டில் அழுந்திக் கன்றிப்போகும் அளவுக்குப் பொத்தினார். "கேக்கக் கூடாது. அப்படியெல்லாம் கேக்கவே கூடாது" என்றார். அப்பாவுக்கு அம்மா போனது உறைக்கவே இல்லை என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் ஆண்டவனிடமும் பேசவில்லை, அப்பாவிடமும் தேவைக்கு மேல் பேசவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, சட்டை காய்ந்துவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவ்வளவுதான் பேச்சு.

அவளும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை பார்த்தாள். ஈர விரிப்புகளை இருபுறமும் பிடித்து ஆவியில் சுடும் உருளைக்குள் செலுத்தும் வேலை. அந்த உருளை இருந்த இடத்துக்கும் பாய்லர் அறைக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். சுவரில் ஒரு வாசல், அதற்குக் கதவு கிடையாது. பாய்லர் முன்னால் நின்றபடியே அவர் மகளின் முதுகைப் பார்க்கலாம். தனக்கு மிச்சமிருப்பது அந்த முதுகு ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும்.

முதல் தடவை கண்ணாடியைச் சோதிக்காமல் விட்டது தற்செயல். மனைவி போய்ச் சில நாளில் வேலைக்குத் திரும்பியவர், அடுப்பு மூட்டுவதற்கு முன் கண்ணை மூடி மகளுக்காக வேண்டிக்கொண்டு நின்றார். வேண்டுதல் நீண்டுவிட்டது. கூடத்தில் ஆவி எங்கே என்று சத்தம் போட்டார்கள். அவசர அவசரமாக மூட்டினார். மத்தியானம்தான் வால்வைத் திறக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வால்வில் கை வைத்தார். 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்று மனசு சொன்ன அந்த நொடியில், பிள்ளையின் கழுத்துச் சூடு புறங்கையில் ஏறியது. கையை எடுத்துவிட்டார். அன்றும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அது ஒரு விரதம் போல ஆயிற்று. நான் உன்னைச் சோதிக்கமாட்டேன், நீ என் மகளை எடுக்கமாட்டாய். வாய்விட்டு இப்படிச் சொல்லவில்லை என்றாலும் பேரம் இதுதான்.

ஆண்டவனோடு பேரம் பேசிவிட்டு அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்துக்கொள்வது அவர் ஒருவர் மட்டும் செய்கிற காரியமல்ல. ஆனால் எல்லார் பக்கத்திலும் பாய்லர் இருப்பதில்லை.

தண்ணீர் மட்டம் ரொம்ப இறங்கினால் அலறுவதற்கு ஒரு விசில் அதில் இருந்தது. சும்மா சும்மா அலறித் தொல்லை தருகிறது என்று முதலாளி எப்போதோ அதன் வாயைக் கம்பியால் கட்டிவைத்துவிட்டார். உப்பைச் சுரண்டி எடுக்கும் வேலையும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. முதலாளி கெட்டவரில்லை, விரிப்பு கேட்டு மருத்துவமனைக்காரர்கள் நச்சரிக்கும்போது பாய்லரை நிறுத்த அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான். கண்ணாடியை இவர் பார்த்துக்கொள்வார் என்று அவர் நம்பினார். இவர் ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று இருந்தார்.

கண்ணாடித் தண்ணீர் கொஞ்ச நாள் பழையபடியே ஆடியது. பிறகு ஆட்டம் குறைந்தது. விரலால் சுண்டினால்தான் அசைகிற மாதிரி ஆயிற்று. அவர் அதைக் கவனிக்காமல் இல்லை. எழுந்த சந்தேகத்தை நம்பிக்கைக் குறைவு என்று சொல்லி அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டிக்கொண்டார். சில நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. விறகு சுமந்து வரும் அம்மாள், வாய்த்துடுக்கானவள், "என்ன அண்ணே, பாய்லருக்குப் போடுற தீனியில பாதியை நீங்க தின்னாலும் உடம்பு தேறுமே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் சிரித்துவைத்தார்.

அந்த நாள் காலையில் தண்ணீர் ஆடவே இல்லை.

கண்ணாடியில் முக்காலுக்கு மேல் நிறைந்து, வரைந்துவைத்த கோடு போல நின்றது. அடுப்பு மூட்டி, ஆவி ஏறி, கூடத்தில் உருளைகள் சுற்ற ஆரம்பித்த பிறகும் அப்படியே நின்றது. அவர் அதன் முன்னால் போய் நின்றார். விரலால் சுண்டினார். அசையவில்லை. அவருக்குத் தெரியும், தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. ஆனால் நிறைவாக இருப்பதைப் பார்த்து நிறைவில்லை என்று சொல்வதற்கு நான் யார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனைவியும் நன்றாகத்தான் இருந்தாள், நான்தான் நம்பாமல் கூட்டிப்போனேன் என்று சொல்லிக்கொண்டார். அன்று விரிப்புகள் ஏராளம். ஏதோ மருத்துவமனையில் படுக்கை போதாமல் நோயாளிகளைத் தரையில் கிடத்தியிருக்கிறார்களாம். மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது. நெருப்பைக் கூட்டச் சொல்லி முதலாளி ஆள் மேல் ஆள் அனுப்பினார். அவர் விறகைத் தள்ளினார், தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உதட்டை அசைத்தார், மறுபடியும் விறகைத் தள்ளினார்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன் மகள் அவருடைய டப்பாவைக் கொண்டுவந்து மர ஸ்டூலின் மேல் வைத்தாள். வழக்கமாக வைத்துவிட்டு முகம் பாராமல் போய்விடுவாள். அன்று நின்றாள்.

"என்னப்பா, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"ஒண்ணுமில்லம்மா. நெருப்புக்கிட்ட நிக்கிறேன்ல."

"நெருப்புக்கிட்ட என்னைக்குத்தான் நிக்கல?"

பல மாதங்களுக்குப் பிறகு அவள் தேவைக்கு மேலே பேசிய முதல் பேச்சு அது. அவர் அடுத்த விறகை எடுக்கக் குனிந்தார். அவள் கொஞ்சம் பார்த்துவிட்டு உருளைக்குத் திரும்பினாள். வாசல் வழியே அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். விரிப்பின் ஓரத்தை நீவும்போது தலையை இடப்பக்கம் சாய்த்தாள். அவள் அம்மா அப்படித்தான் சாய்ப்பாள்.

விறகுக்கார அம்மாள் சுமையை இறக்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவள் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"ஏன் அண்ணே, உங்க மோட்டாருக்கு இன்னைக்கு லீவா? காலையிலேருந்து சத்தமே காணோம்."

கிண்டலாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த சுமைக்குப் போய்விட்டாள். அவர் மோட்டாரைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி நிறைந்திருந்ததால் அவர் மோட்டாரைப் போடவே இல்லை. காலையிலிருந்து இத்தனை உருளைக்கும் ஆவி போயிருக்கிறது. உள்ளே போகாத தண்ணீர் எங்கிருந்து ஆவியாகும்? பாய்லரின் சத்தமும் மாறியிருந்தது. வழக்கமான கனத்த உறுமல் இல்லை. வறட்டு இருமல் மாதிரி ஏதோ ஒன்று, விட்டுவிட்டுக் கேட்டது.

திறந்து பார்த்தால் மகளை ஆண்டவன் எடுத்துக்கொள்வான். திறக்காவிட்டால் இந்த இரும்பு எடுத்துக்கொள்ளும். கையை வால்வின் மேல் வைத்துக்கொண்டு அவர் நின்ற நேரம் கொஞ்சம்தான். அதற்குள் அவருக்கு இதுவரை வராத ஒன்று வந்தது. கோபம். ஆண்டவன் மேல் கோபம். ஒரு மனிதன் தன் பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்ததற்காகப் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்கிறவன் என்றால் நீ என்ன ஆண்டவன் என்று நினைத்தார். நினைத்த கையோடு வால்வைத் திருகினார்.

கண்ணாடியில் இருந்தது சீறிக்கொண்டு வெளியே கொட்டியது. மூடினார். வெறும் கண்ணாடி. காத்திருந்தார். தண்ணீர் ஏறவில்லை.

கை தானாக மோட்டார் சுவிட்சுக்குப் போயிற்று. தண்ணீர் இல்லை என்றால் தண்ணீர் விடு என்றுதான் யாருக்கும் தோன்றும். சுவிட்சில் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டார். பழுத்த தகட்டின் மேல் பச்சைத்தண்ணீர் விழுந்தால் அந்த நொடியே எல்லாம் முடிந்துவிடும். நெருப்பை அணைக்க வேண்டும். அதுவும் தண்ணீரில்லாமல், மணலையும் சாம்பலையும் போட்டு மூடி, தானாக ஆற விட வேண்டும். அதுவரை தகடு தாங்குமா என்பதை யாரும் சொல்ல முடியாது.

வாசலில் போய் நின்று கத்தினார். எல்லாரும் வெளியே ஓடுங்கள், தெருவுக்குப் போங்கள் என்று கத்தினார். அவர் குரல் உயர்ந்து அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கையில் இருந்த விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஈர விரிப்புகளில் கால் வழுக்கி விழுந்தவர்களை மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மகள் மட்டும் தெருப்பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக, அவரை நோக்கி ஓடி வந்தாள்.

"போ" என்றார். "போம்மா, போயிடு." கும்பிட்டார். கையை ஓங்கினார். பெற்ற மகளைப் பார்த்து வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னார். அவள் பாய்லரைப் பார்த்தாள், வெறும் கண்ணாடியைப் பார்த்தாள். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"நீங்க வந்தா வரேன்."

"நெருப்பை யாரு மூடுறது?"

"அப்ப எனக்கும் ஒரு சட்டி குடுங்க."

வாதாட நேரமில்லை. அவர் அடுப்புக் கதவைத் திறந்தார். இருவரும் மூலையில் கிடந்த மணல் குவியலிலிருந்து இரும்புச் சட்டியில் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். அவர் தலைக்கு மேலே எங்கோ இரும்பு முனகியது. அது நீளமான சத்தம், நின்று நின்று வந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் அவர் மகளுக்கும் பாய்லருக்கும் நடுவில் போய் நின்றார், நின்றால் ஏதோ தடுத்துவிடலாம் என்பது போல. வாயில் வேண்டுதல் வரவில்லை. எத்தனையோ வருஷமாக ஒருநாள் தவறாமல் வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. நெருப்பின் சிவப்பு மெல்லக் கறுத்தது. புகைபோக்கியின் தடுப்பை இழுத்து மூடிவிட்டு, மகளின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

எல்லாரும் எதிர்ச்சுவரோரம் நின்றிருந்தார்கள். உள்ளே இன்னும் முனகிக்கொண்டிருந்தது. பொழுது சாயச் சாயத்தான் அது அடங்கியது. அடங்கியதும் ஆளாளுக்கு மூச்சு வந்தது, பேச்சு வந்தது, விறகுக்கார அம்மாளுக்கு அழுகை வந்தது. முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து பாய்லர்க்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவன் காப்பாத்திட்டான். உங்க நம்பிக்கைதான் எங்களைக் காப்பாத்துச்சு. ஒண்ணும் ஆகலை பாருங்க. கொஞ்சம் ஆறினதும் தண்ணியை ஏத்தி மூட்டிடலாம். அங்க ஜனங்க வெறும் தரையில கிடக்குறாங்க."

பக்கத்தில் நின்றவர்களும் ஆமாம், ஆமாம், ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். பாய்லர்க்காரர் முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் உள்ளே இத்தனை நாளாக ஓடிய பேச்சு இன்னொருவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. கையை விடுவித்துக்கொண்டார்.

"மூட்ட முடியாதுங்க. உள்ளே போய்ப் பாக்காம மூட்ட விடமாட்டேன்."

"அதான் ஒண்ணும் ஆகலையே."

"நானும் அப்படித்தாங்க நினைச்சேன். எங்க வீட்டுக்காரி போனதுலேருந்து நான் கண்ணாடியைத் திறந்து பாக்கல. ஒருநாள்கூடப் பாக்கல. பாத்தா இவளையும் எடுத்துக்குவான்னு பயம்." அவர் மகளைக் காட்டினார். "நீங்க எல்லாரும் அதை நம்பிக்கைன்னு சொன்னீங்க. நானும் அப்படியே சொல்லிக்கிட்டேன். அது வெறும் பயம்."

கூட்டம் அப்படியே நின்றது. அவர்களுடைய மலை அவர்களையெல்லாம் ஒரு நூலிழையில் தொங்கவிட்டிருந்தது என்பது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகு யாரோ காறித் துப்பினார்கள். விறகுக்கார அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, "எனக்கு வீட்டுல மூணு புள்ளைங்க அண்ணே" என்று மட்டும் சொன்னாள். முதலாளி நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்றார். அது நியாயம்தான் என்று அவருக்கும் பட்டது. மகள் அவரை இதுவரை பார்த்தே இராதவள் போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேலை இல்லாத மனிதர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். மகளும் கூடவே வந்தாள். முதலாளி ஏற்கெனவே வந்து, மூட்டுவதற்கு வேறொரு ஆளை நிறுத்தியிருந்தார். பாய்லர்க்காரர் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பு வாயில் கிடந்த மணலை வெளியே இழுத்துப்போட்டார், டார்ச்சை வாங்கிக்கொண்டு தலையை உள்ளே நுழைத்தார். வெளியே வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. டார்ச்சை முதலாளியிடம் நீட்டினார். அவரும் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து, புதிதாக நிறுத்திய ஆளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மருத்துவமனைக்காரர்களிடம் என்ன சொல்வது என்று முணுமுணுத்தபடி நடந்து போனார்.

"நான் பாக்கணும்" என்றாள் மகள். அவர் தடுக்கவில்லை.

நெருப்புக்கு மேலே நேராக இருக்க வேண்டிய தகடு கீழே பிதுங்கித் தொங்கியது. கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கி, நடுவில் மெலிந்து, நீலம் பாரித்திருந்தது. விரலால் தட்டினாள். தகரம் போலச் சத்தம் வந்தது. நேற்று இன்னொரு கட்டை விறகு உள்ளே போயிருந்தால் என்று அவள் நினைத்தாள். அதற்கு மேல் நினைக்க முடியாமல் தலையை வெளியே எடுத்தாள்.

அப்பா சாம்பல் தரையில் உட்கார்ந்திருந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் ஏன் என்று கேட்க வாயெடுத்தபோது அவர் பேச ஆரம்பித்தார், ஆனால் அவளிடமல்ல. மேலே, கரி படிந்த கூரையைப் பார்த்துப் பேசினார்.

"அவளை ஏன் எடுத்துக்கிட்டே?"

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மகளின் மணிக்கட்டை அவர் ஏன் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கேட்டதற்குத் தண்டனையாக அவளைப் பிடுங்கிக்கொள்வான் என்று பயந்து பிடித்திருந்தார். அம்மா போன அன்று வாயைப் பொத்திய கையும் இதே பயத்தில்தான் பொத்தியது என்பதும் புரிந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கைக்குள்ளே அவளுடைய நாடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார், அவள் இருந்தாள். அதற்கப்புறம் அவருக்கு அழுகை வந்தது. மனைவிக்காக அழாதது, அதற்கும் முன்னால் பிள்ளைக்காக அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு வயசான மனிதர் அவ்வளவு சத்தமாக அழுவார் என்று அவள் நினைத்ததில்லை.

"நானும் கேக்கணும்பா" என்றாள் அவள். "அன்னைக்கு நீங்க கேக்க விடல."

"கேளு."

"யாருகிட்ட? அவன் இருக்கான்னே எனக்குத் தெரியல."

"எனக்கும் அவன் எப்படிப்பட்டவன்னு தெரியல. இத்தனை நாளும் தெரியும்னு நினைச்சிருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இருந்தாலும் அவன்கிட்டதான் கேக்கணும். எனக்கு வேற யாரைத் தெரியும்? கேளு, நானும் கூட உக்காந்திருக்கேன்."

அவள் முதலில் தயங்கினாள். பிறகு கேட்டாள். அம்மாவைப் பற்றிக் கேட்டாள். தான் முகம்கூடப் பார்த்திராத அண்ணனைப் பற்றிக் கேட்டாள். அம்மாவுக்குக் கடைசி நாட்களில் தண்ணீர்கூட இறங்காமல் செய்தது எதற்காக என்று கேட்டாள். குரல் உயர்ந்துகொண்டே போயிற்று, நடுவில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தாள். அவர் அவள் வாயைப் பொத்தவில்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு நிறுத்தும்போதெல்லாம், அவரும் மேலே பார்த்து, "சொல்லு, அவ கேக்குறால்ல, சொல்லு" என்று சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.